சுவர் வரைக்கும் வந்த போட்டோ

வா தாயி, வா. வாசல்லயே நின்னா எப்படி? கிட்ட வந்து உட்காரு. இந்தப் பெஞ்சுலயே, என் பக்கத்துல. இன்னும் கொஞ்சம் நெருங்கி. கீழ பஸ் ஸ்டாண்டு. ஹாரன் அடிச்சான்னா நான் பேசுறது எனக்கே கேட்காது. பையைக் கீழ வை. அதை ஏன் பச்சைப் பிள்ளையைத் தூக்கி வச்சிருக்கிற மாதிரி வச்சிருக்கே?

கீழ டீக்கடைப் பலகையைப் பார்த்துட்டுத்தானே வந்தே? கம்ப்யூட்டர் தெரிஞ்ச பொம்பளைப் பிள்ளை தேவைன்னு எழுதியிருக்கும். நான்தான் எழுதிப் போடச் சொன்னேன். வேலை என்னன்னு சொல்றேன், இரு. அதுக்கு முன்னாடி இங்க இருந்தவள் யாரு, எப்படிப் போனாள்னு உனக்குத் தெரியணும். இந்தச் சாத்தூர்ல நாலு பேர் நாலு விதமாச் சொல்லுவான். இந்தச் சீனியம்மா தன் தம்பி மகளை அடைச்சு வச்சிருந்தாள்னுகூடச் சொல்லுவான். யாரு அடைச்சு வச்சது? கதவைப் பாரு. திறந்துதானே கிடக்கு?

முனீஸ்வரி என் கூடப்பிறந்த தம்பி கூடலிங்கத்தோட மகள். தாய் இல்லாத பிள்ளை. தம்பி லாரி ஓட்டுறவன், இன்னைக்குச் சேலம், நாளைக்கு நாக்பூர். அதனால அவள் பள்ளிக்கூடம் போன காலத்துல இருந்து என்கிட்டதான் இருந்தாள். எனக்கும் பிள்ளை இல்லை. வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துட்டார். இந்தக் கல்யாணத் தகவல் நிலையம்தான் எனக்குச் சோறு.

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். ஆனா காது இருக்கு பாரு, அது வேற. போன்ல ஒரு குரலைக் கேட்டா அந்த வீட்டுல யாரு சொல்றது நடக்கும், மாப்பிள்ளை குடிப்பானா, மாமியாக்காரி எப்படின்னு எல்லாம் சொல்லிருவேன். பொய் சொல்ற குரல் தரையில கால் படாத மாதிரி இருக்கும். எனக்குத் தப்பாது.

முன்னாடி ஆல்பம் வச்சிருந்தேன். வர்றவங்க புரட்டுவாங்க, பிடிச்சதை எடுத்துக்கிட்டுப் போவாங்க. அப்புறம் எல்லாருக்கும் போன்லயே பார்க்கணும்னு வந்துருச்சு. ஒருத்தன் வந்தான், வெப்சைட்டு போட்டுத் தர்றேன்னான். போட்டான், போயிட்டான். அது திறந்தாத்தானே? ஒரு சக்கரம் சுத்தும். சுத்தும், சுத்தும், சுத்திக்கிட்டே இருக்கும். கழுகுமலையில இருந்து ஒருத்தன் போன் போட்டு, "யக்கா, உங்க பொண்ணு மூஞ்சி வர்றதுக்குள்ள எங்க மாப்பிள்ளைக்குத் தலை நரைச்சிரும் போல"ங்கிறான். இன்னொருத்தி, "பொண்ணைக் காட்டுங்கன்னா சக்கரத்தைக் காட்டுறீங்களே, நாங்க என்ன வண்டியா வாங்க வந்தோம்"னு கேட்கிறாள். சிரிப்பு வருதில்ல? அப்ப எனக்கு அழுகை வந்துச்சு.

அந்த நேரத்துலதான் முனீஸு படிப்பை முடிச்சாள். கோயமுத்தூர்ல ஒரு ஆபீஸ். துணிக்கடை, நகைக்கடைக்கெல்லாம் இந்த மாதிரி வெப்சைட்டு போட்டுக் குடுக்கிறவங்க. வந்து சேரச் சொல்லிட்டாங்க. பெட்டிகூடக் கட்டிட்டாள். நான்தான் சொன்னேன், "ஏ முனீஸு, நம்ம வீட்டுத் தீயை அணைச்சுட்டு ஊர்த்தீக்குப் போ. இதைச் சரி பண்ணிக் குடு. அதுக்குள்ள உனக்கும் ஒரு நல்ல இடம் பார்த்துருவேன். கழுத்துல ஒண்ணு ஏறட்டும். அப்புறம் கோயமுத்தூர் என்ன, டில்லிக்கே போ."

தம்பி, "அக்கா சொன்னாச் சரி"ன்னான். அவளும் சரின்னாள். அவள் வாயால சரின்னு சொன்னதை இந்தக் காதால கேட்டேன். அப்புறம் எப்படி அடைச்சு வச்சேன்னு ஆகும், நீயே சொல்லு.

உட்கார்ந்து எல்லாத்தையும் திறந்து பார்த்தாள். பார்த்துட்டு, "அத்தை, உங்க பொண்ணுங்க எல்லாம் ரொம்ப எடை"ன்னாள்.

"என்னடி, உரிச்ச பனங்கிழங்கு மாதிரி இருக்காளுக, எடைங்கிற?"

"பொண்ணு இல்லை அத்தை, போட்டோ. ஸ்டுடியோக்காரர் குடுக்கிறது கல்யாண மண்டபத்து அண்டா. போன்ல பார்க்கிறவனுக்கு வேண்டியது ஒரு டம்ளர் காப்பி. நீங்க ஆளாளுக்கு அண்டாவையே மாடி ஏத்திக்கிட்டு இருக்கீங்க. அதான் மூச்சு வாங்குது."

இப்படிச் சொன்னா எனக்குப் புரியாதா? புரிஞ்சது. அவள் என்ன செஞ்சாள்னா, ஒவ்வொரு போட்டோவையும் போன்ல தெரியற அளவுக்கு வெட்டினாள். வெட்டினதை மறுபடி கசக்கி எடையை எடுத்தாள். முன்னாடி இருந்ததையும் பின்னாடி வந்ததையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, "கண்டுபிடிங்க பார்ப்போம்"னாள். நான் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டுப் பார்த்தேன். மூக்குத்திக் கல்லு ஒண்ணு குறையலை. "அப்ப எதைத்தான்டி எடுத்தே?"

"கண்ணுக்குத் தெரியாததை. அது உள்ள இருக்குன்னும் யாருக்கும் தெரியாது, போயிட்டாலும் யாருக்கும் தெரியாது."

"அப்படிக்கூட ஒண்ணு இருக்குமாடி?"

"இருக்கும் அத்தை"ன்னாள். சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவளுக்கு அப்படி ஒரு பழக்கம், சுவரைப் பார்த்துப் பேசுறது. இந்த ரூம்ல வேற என்ன இருக்கு பார்க்கிறதுக்கு, ஜன்னலா இருக்கு?

இன்னொண்ணும் செஞ்சாள். எல்லாப் பொண்ணையும் ஒரே நேரத்துல வர வைக்காம, பார்க்கிறவன் விரலைத் தள்ளத் தள்ள அடுத்த படம் வர்ற மாதிரி வச்சாள். "பந்தியில ஆள் உட்கார்ந்த பிறகுதானே சோறு வைப்பீங்க? வெறும் இலைக்கு எதுக்குப் பரிமாறணும்?"னாள். அம்மாடி, அதுக்கப்புறம் வந்துச்சு பாரு! விரல் வைக்கிறதுக்குள்ள பொண்ணு வந்து நிக்கும். கழுகுமலைக்காரனே போன் போட்டு, "யக்கா, என்ன மாயம் பண்ணுனீங்க"ன்னான். அந்த வருஷம் வைகாசியில நான் சாப்பிடாத கல்யாணச் சாப்பாடு இல்லை.

பொண்ணைப் பெத்தவங்க வந்து அவள்கிட்டக் குழைவாங்க. ஒருத்தி, "இந்தக் கன்னத்து மச்சத்தை மட்டும் அப்படியே எடுத்துரும்மா, புண்ணியமாப் போகும்"னாள். "எடையைத்தான் எடுப்பேன் சித்தி, முகத்துல கை வைக்க மாட்டேன். நாளைக்கு மாப்பிள்ளை வந்து மச்சத்தை எங்கேன்னு கேட்டா நீங்களா ஒட்டி விடுவீங்க?"ன்னு கேட்டுட்டாள். வாய் அப்படி. ஆனா கெட்ட பிள்ளை இல்லை.

சரி, அவள் போட்டோவுக்கு வர்றேன்.

ஊர்ப் பொண்ணுங்களுக்கெல்லாம் பார்க்கிறோம், நம்ம வீட்டுப் பொண்ணை விடலாமா? நானே ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். மயில் கழுத்துக் கலர்ல சேலை, தலை நிறையப் பூ. ஸ்டுடியோக்காரன்கிட்ட அவளே போய் விவரமாப் பேசினாள். "அண்ணே, என்னைக் கீழ நிறுத்தி, மேல சுவர் நிறையத் தெரியற மாதிரி எடுங்க. பிளக்ஸ் போர்டு அடிக்கிற சைஸ்ல குடுங்க." எனக்கு அப்படியே மனசு குளிர்ந்து போச்சு. இந்த நிலையத்துலயே பெரிய போட்டோ என் முனீஸு போட்டோதான். பெரிசா இருந்தா நல்லதுதானே? வேற எந்தப் பொண்ணுக்கும் பிளக்ஸ் சைஸ் கிடையாது. எல்லாருக்கும் சொன்னேன், பெருமையாச் சொன்னேன்.

அதை முதல் ஆளாப் போடச் சொன்னேன். போட்டாள். வெட்டவும் இல்லை, கசக்கவும் இல்லை, அப்படியே முழுசா. நம்ம கம்ப்யூட்டர்ல தொட்டா டக்குன்னு வந்து நிக்கும், அம்மன் மாதிரி. "ஒரு தடவை வந்துட்டா மிஷின் ஞாபகம் வச்சுக்கும் அத்தை"ன்னு சொன்னாள்.

ஆனா ஒரு போன் வரலை, தாயி. ஒண்ணுகூட.

அவளுக்குக் கீழ இருக்கிற பொண்ணு போகுது, அதுக்கும் கீழ இருக்கிறது போகுது, பல்லு முன்னால நிக்கிறது போகுது, இவள் அப்படியே உட்கார்ந்திருக்காள். நான் என்ன செய்வேன்? இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு நடந்தேன். செவ்வாய்க்கிழமை எலுமிச்சம்பழ விளக்குப் போட்டேன். ஜாதகத்தை மூணு பேர்கிட்டக் காட்டினேன். ஒண்ணும் இல்லைன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. ஆடி போச்சு, மறு ஆடியும் போச்சு. டவர் சரியில்லைன்னு நினைச்சேன். அவள் தலையெழுத்துன்னு நினைச்சேன். அவளைக் கேட்டா, "வர்றப்ப வரட்டும் அத்தை"ன்னுட்டு அடுத்தவ போட்டோவை எடுத்து வெட்டிக்கிட்டு இருப்பாள்.

கோயமுத்தூர்க்காரங்க நடுவுல நடுவுல கூப்பிடுவாங்க. நான் அடுப்படியில இருந்தாலும் கேட்கும். "இன்னும் கொஞ்ச நாள் சார், வீட்டுல ஒரு வேலை இருக்கு சார்"ம்பாள். குரல் ஒவ்வொரு தடவையும் தேய்ஞ்சுக்கிட்டே போச்சு. சளி பிடிச்சிருக்குன்னு நினைச்சு ஆடாதொடைக் கஷாயம் வச்சுக் குடுத்தேன். குடிச்சாள், மறுக்காமக் குடிச்சாள்.

அப்பத்தான் விளாத்திகுளத்துல இருந்து வெள்ளைத்தாய்னு ஒருத்தி வந்தாள். மகனுக்குப் பொண்ணு பார்க்க, வேற ஒரு பொண்ணைக் கேட்டு. மகன் சொந்தமா ஜவுளிக்கடை வச்சிருக்கான். வந்தவள் முனீஸைப் பார்த்ததும் கேட்டு வந்த பொண்ணை மறந்துட்டாள்.

"மதினி, இந்தப் பிள்ளை யாரு? உங்க போன் படத்துல மத்த மூஞ்சியெல்லாம் பார்த்துட்டேன், முதல்ல இருக்கிறது இதுவா?"

"ஆமா, என் தம்பி மகள்தான்."

"அட! அதை நாங்க திறந்தோம் மதினி. சுவர் வந்துச்சு. சுவர்ல டியூப்லைட்டு வந்துச்சு. அதோட நின்னு போச்சு. வீட்டுல எல்லாரும் சுத்தி உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கிட்டு இருந்தோம். எங்க வீட்டுக்காரர், 'ஏளா, இது வாடகை வீட்டு விளம்பரம்'னுட்டு எந்திரிச்சுப் போயிட்டார்"னு சொல்லிச் சிரிக்கிறாள்.

டவர் கோளாறுன்னு நான் சொன்னேன். முனீஸு தலை நிமிரவே இல்லை.

வெள்ளைத்தாய் அவள் பக்கத்துல போய், கன்னத்தை வழிச்சு, "எங்க வீட்டுக்கு வந்தா இந்த டொக்கு டொக்கெல்லாம் வேண்டாம் தாயி. ஒரு வேலையும் செய்ய வேண்டாம். ராணியாட்டம் வீட்டுக்குள்ளயே இருக்கலாம்"னாள். முனீஸு கை மவுஸு மேல அப்படியே நின்னு போச்சு. விரல் வெளுத்துப் போச்சு, நான் பார்த்தேன். வெட்கம். பொம்பளைப் பிள்ளைன்னா இருக்கத்தானே செய்யும்.

எனக்கு என்னவோ வெள்ளைத்தாய் சிரிப்பு பிடிக்கலை. அதுல ஒரு கனம் இருந்துச்சு, அம்மிக்கல்லை இழுக்கிற மாதிரி. காதுக்குத் தெரியுமில்ல? மாடிப்படி வரைக்கும் கூடப் போய், மெதுவா, "மதினி, ஒண்ணை மறைக்கக் கூடாது. பிள்ளைக்கு மூல நட்சத்திரம்"னு ஒரு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான், வெள்ளைத்தாய் முகம் விழுந்துருச்சு. செருப்பைக்கூடச் சரியாப் போடாம இறங்கினாள்.

நிஜத்துல அவளுக்கு உத்திரட்டாதி. அது கிடக்கட்டும். அந்த வீட்டுக்கு இவளை அனுப்ப முடியுமா? இவள் நன்மைக்குத்தானே சொன்னேன்?

திரும்பினா, முனீஸு பின்னால நிக்கிறாள். வெள்ளைத்தாய் விட்டுட்டுப் போன குடையை எடுத்துக்கிட்டு வந்திருக்காள்.

"அத்தை, இத்தனை நாளா நான் உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு இருந்தேன். நீங்க வெளிய தாழ்ப்பாள் போட்டிருக்கீங்க"ன்னாள்.

எனக்கு ஒண்ணும் விளங்கலை. இந்தக் கதவுக்கு ஒரே தாழ்ப்பாள்தான். அதுவும் சரியா விழாது.

அன்னைக்குப் பகல் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து என்னவோ செஞ்சுக்கிட்டு இருந்தாள். "என்னடி பண்றே?"ன்னு கேட்டேன். "என் போட்டோவை இளைக்க வைக்கிறேன் அத்தை"ன்னாள். மேல இருந்த சுவரெல்லாம் வெட்டிட்டாள். முகம்தான் இருந்துச்சு. எனக்கு வருத்தம்தான், நல்ல பிளக்ஸ் சைஸ் போட்டோவைக் குட்டியாக்கிட்டாளேன்னு.

மறுநாள் காலையில காப்பித் தூளைக்கூட இன்னும் போடலை, போன் அடிச்சது. முனீஸ்வரிங்கிற பொண்ணு விவரம் வேணும்னான். வச்சேன், அடுத்தது. வச்சேன், அடுத்தது. தாயி, தீபாவளிச் சரம் மாதிரி! சிவகாசியாம், கயத்தாறாம், துபாயில இருந்துகூட ஒருத்தன். இருக்கன்குடியாள் கண்ணைத் திறந்துட்டாள்னு நினைச்சு விழுந்து கும்பிட்டேன்.

ஆனா நல்ல இடமா வரணுமே! ஒருத்தன் குரல்ல குடி தெரிஞ்சது. ஒருத்தி பேச்சுல மரியாதை இல்லை. இன்னொருத்தன் வாத்தியார், நல்ல குரல், ஆனா அம்மாவைக் கேட்டுச் சொல்றேன் கேட்டுச் சொல்றேன்னு அதையே சொன்னான். ராஜபாளையத்துக்காரங்க தங்கமானவங்க, வீட்டுல நாய் வளர்க்கிறாங்க. துபாய்க்காரன் தூரம். கயத்தாறுக்காரன் பக்கம், ரொம்பப் பக்கத்துல குடுத்தா அடிக்கொரு தடவை கோவிச்சுக்கிட்டு வருவாள். ஒவ்வொண்ணா வேண்டாம்னு சொல்லி வச்சேன். ஒவ்வொரு தடவை நான் போனை வைக்கும்போதும் அவள் திரும்பி, "இது ஏன் அத்தை வேண்டாம்?"னு கேட்பாள். சண்டைக்குக் கேட்கலை. அமைதியாத்தான் கேட்டாள். நான் காரணம் சொல்லுவேன். "சரி அத்தை"ம்பாள். கடைசியில எனக்கே சொல்றதுக்குக் காரணம் கிடைக்கலை. ஒருத்தனுக்கு ஒண்ணுமே குறை இல்லை. "பேர் நல்லாயில்லை"ன்னு சொன்னேன்.

அவள் செஞ்ச வேலை என்னன்னா, என் நம்பருக்குக் கீழ அவள் அப்பன் நம்பரையும் போட்டிருக்காள். எனக்கு எங்க தெரியும்? நான் வேண்டாம்னு சொன்னவன் எல்லாம் அவனைக் கூப்பிட்டிருக்கான். லாரியை எங்கேயோ நிறுத்திப்போட்டுட்டு அவன் நேரா இங்க வந்து நின்னான். அழுக்கு லுங்கியோட.

"அக்கா, பொண்ணு கேட்டு இத்தனை பேர் வர்றான். நீ ஏன் எல்லாரையும் வேண்டாங்கிறே? ரெண்டு வருஷமா ஒருத்தனும் கேட்கலைன்னு நீதானே அழுதே?"

"நல்ல இடம் வரட்டும்டா தம்பி."

"அந்தப் பேர் நல்லாயில்லாதவன்கிட்ட நான் பேசினேன்க்கா. தங்கமான பையன். அவனுக்கு என்ன?"

"அவன் இந்த மாசமே முடிக்கணும்கிறான். இவள் திடீர்னு போயிட்டா கம்ப்யூட்டரை யாருடா பார்ப்பா?"

ஒரு பேச்சுக்குச் சொன்னேன் தாயி. வாயில வந்துருச்சு. பேச்சுன்னா வரும்தானே?

தம்பி ஒண்ணும் சொல்லலை. அவன் கத்தியிருந்தா பதில் சொல்லியிருப்பேன். ஒருத்தன் பேசினா எனக்கு எல்லாம் தெரியும், பேசாம நின்னா என்ன செய்யறதுன்னு தெரியாது. என்னையும் பார்க்கிறான், அவளையும் பார்க்கிறான்.

முனீஸுதான் பேசினாள். "அப்பா, எனக்கு இப்ப மாப்பிள்ளை வேண்டாம். அதனாலதான் என் போட்டோவை யாருக்கும் போய்ச் சேராம வச்சிருந்தேன். அத்தைக்கும் என் கல்யாணம் வேண்டாம். அது எனக்கு இப்பத்தான் தெரிஞ்சது. ரெண்டு பேரும் வேண்டாம்னு சொல்ற கல்யாணத்துக்காக நான் ஏன்ப்பா இங்க காத்துக்கிட்டு இருக்கணும்?"

"என்னம்மா செய்யணுங்கிற?"

"கோயமுத்தூர் போறேன். எனக்குப் பிடிச்சவன் வந்தா உங்ககிட்டத்தான் முதல்ல சொல்லுவேன்."

"அப்ப நான்?"னு கேட்டேன். கேட்கக் கூடாதா? வளர்த்தவள் இல்லையா நான்?

என் கையைப் பிடிச்சுக்கிட்டாள். "அத்தை, கம்ப்யூட்டருக்கு ஆள் இல்லைன்னுதானே பயப்படறீங்க? ஆளே வேண்டாதபடி செஞ்சு குடுத்துட்டுப் போறேன்"னாள்.

தம்பி துண்டை உதறித் தோள்ல போட்டான். "செஞ்சு குடுத்துட்டுக் கிளம்பு தாயி. நானே கொண்டுபோய் விடுறேன்"னான். என்னைக் கேட்கலை. அக்கா சொன்னாச் சரிங்கிறவன், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை.

சொன்ன மாதிரியே செஞ்சாள். சோறு தண்ணி மறந்து செஞ்சாள். இனிமே பொண்ணைப் பெத்தவங்க அவங்க வீட்டுல இருந்தே போட்டோவை அனுப்பலாம். எத்தனை பெரிய அண்டாவா இருந்தாலும் அது உள்ள வரும்போதே தானா வெட்டிக்கும், தானா இளைச்சுக்கும், தானாப் போய் வரிசையில உட்கார்ந்துக்கும். ஒருத்தரும் இங்க உட்கார்ந்து டொக்கு டொக்குன்னு தட்ட வேண்டியதே இல்லை. இப்பவும் பாரு, நாம பேசிக்கிட்டு இருக்கும்போதே எவளோ ஒருத்தி உள்ள வந்திருப்பாள்.

அப்ப உனக்கு என்ன வேலைன்னு முழிக்கிறியா? வேலைன்னா… பெரிசா ஒண்ணும் இல்லை. சும்மா இங்க இருந்தாப் போதும். மிஷினைப் பார்த்துக்கிட்டு, எனக்குப் பேச்சுக்கு ஒரு ஆளா. நான் இந்த ரூமை விட்டு எங்கேயும் போக முடியாது பாரு. போன் அடிக்கும், நான் எடுக்கலைன்னா எவ எடுப்பாள்? மத்தியானச் சோறு நான் போடுவேன். கறிக்குழம்பு நல்லா வைப்பேன். உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா? ஆகலையா! அப்புறம் என்ன, நானே பார்க்கிறேன். போட்டோ இருக்கா? ஏன் எந்திரிக்கிறே? அட, உட்காரு தாயி. அந்த மேஜைக்கு முன்னாடி ஏன் வெறுமையா இருக்குன்னு பார்க்கிறியா?

அதுவும் அவள் வேலைதான். அவளுக்குன்னு மதுரையில இருந்து சுத்துற நாற்காலி ஒண்ணு வரவழைச்சிருந்தேன். நல்ல மெத்து மெத்துன்னு, முதுகுக்குச் சாய்மானத்தோட. எத்தனை நேரம் உட்கார்ந்தாலும் வலிக்காது. கிளம்புற அன்னைக்கு என் கால்ல விழுந்து கும்பிட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன். பெட்டியைத் தம்பி எடுத்துக்கிட்டான். அவள் அந்த நாற்காலியைப் பிடிச்சு இழுத்தாள். "ஏ, அதை எங்கடி கொண்டு போறே?"ன்னேன். ஒவ்வொரு படியா இறக்கினாள். சக்கரம் படியில இடிக்கிற சத்தம், டடக், டடக்குன்னு, கடைசிப் படி வரைக்கும் கேட்டுச்சு. நான் மாடிப்படி மேல நின்னு எட்டிப் பார்த்தேன். டீக்கடைக்காரர் முன்னாடி கொண்டுபோய் நிறுத்தி, "அண்ணே, விடியக்காலையில இருந்து நின்னுக்கிட்டே டீ ஆத்துறீங்க. இனிமே நீங்க உட்காருங்க"ன்னு அவரை அதுல பிடிச்சு உட்கார வச்சு, ஒரு சுத்து சுத்தி விட்டுட்டு, பஸ் ஏறிட்டாள்.